நாலு சரம்

கரட்டுத்தோட்டம்,
காங்கேயம்.
21.11.2007

தரணிக்கு, நஞ்சம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மாமனாரும் சாமளாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து நீ கல்யாண வீடியோ எடுக்கும் லிங்கசாமியைக் கூட்டிக்கொண்டு நம் வீரமாத்தி கோயிலுக்கு வந்திருக்கிறாய். நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பூசாரி பெருமாள்சாமியிடம், "அத்தை சொல்லித்தானுங்க வந்தேன்" என்று பொய் சொல்லிச் சாவி வாங்கியிருக்கிறாய். பட்டப்பகலில் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கு மாட்டி, அம்மனுக்கு எதிரே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்திருக்கிறாய்.

அந்த விளக்கை நான் கையில் எடுத்தது 1978 ஆவணியில், இந்த ஊட்டுக்கு வாழ வந்த மூன்றாம் நாள். அது அணைந்த நாளெல்லாம் நோட்டில் இருக்கிறது. இருபத்தொன்பது வருடத்தில் இரண்டே நாள். ஐப்பசி மழையில் ஓடு சரிந்து விழுந்த அன்று ஒன்று. 2005 சித்திரையில் பல்லடம் ரோட்டில் லாரி மோதி என் மகன் மகுடேசு போன அன்று ஒன்று. மூன்றாவதாகத் தேதி போட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். அவன் பெண்டாட்டி என்று எழுதவில்லை. தரணி என்று மட்டும் எழுதினேன்.

சுவரில் படமாக இருப்பவள் யார் என்று உனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னவள் நான்தானே. புருஷன் சிதைக்கு, கையில் எலுமிச்சம்பழத்தோடு, கொண்டையிலிருந்து கழுத்தில் வழியும் நாலு சரம் பூவோடு, யாரும் சொல்லாமல் தானாக நடந்து போன மகராசி. அதனால்தான் இந்தக் குடும்பத்துக்கு வரும் பெண்ணுக்கு முகூர்த்தத்தில் நாலு சரம் வைக்கிறோம். அமாவாசைக்கு அமாவாசை அம்மனுக்கும் நாலு சரம் சாத்துகிறோம். மூன்றும் கிடையாது, ஐந்தும் கிடையாது. உன் தலையிலும் நான்தான் வைத்துவிட்டேன்.

தை 27 கும்பாபிஷேகம். தை 7-ஆம் தேதி படம் எழுதுகிறவர் வருகிறார். பழைய காரையைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, அம்மனை எனாமல் பெயின்டில் பளிச்சென்று எழுதப்போகிறார். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அழியப்போகிற படத்தை எடுத்து நீ என்ன செய்யப்போகிறாய்? பனியனில் அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பவா?

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். எழுத்தில் பதில் போடு. எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது. நான் எழுதுவதற்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

நஞ்சம்மாள்


நல்லூர்,
திருப்பூர்.
30.11.2007

அத்தைக்கு, தரணி எழுதுவது.

பொய் சொல்லித்தான் சாவி வாங்கினேன். ஆடியில் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிக் கேட்டேன். முதல் தடவை, "பாக்கலாம்" என்றீர்கள். இரண்டாவது தடவை என் கண்ணெதிரேயே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள். மூன்றாவது தடவையும் நான் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டுமா?

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. "கம்பெனிக்குப் போறா" என்பதோடு உங்களுக்கு முடிந்தது. இப்போது சொல்கிறேன். துணியில் பிரிண்ட் அடிக்க வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறம் நிறமாகப் பிரிப்பது என் வேலை. செப்பரேஷன் என்பார்கள். சிவப்புக்கு ஒரு ஃபிலிம், மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக் கோட்டுக்கு ஒன்று. ஃபிலிமை வைத்து ஸ்கிரீன் செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடித்தால் முழுப் படம் வரும். இரண்டு வருடமாக இதையே செய்கிறேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மேலே இருப்பது எது, அடியில் இருப்பது எது என்றுதான் கண் போகிறது.

வெளிநாட்டில் பழைய ஓவியங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிறத்துக்கு அடியில் ஓவியர் முதலில் என்ன வரைந்தார் என்று பார்க்கிறார்களாம். ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. லிங்கசாமி அண்ணனின் ஹேண்டிகேமில் இருட்டில் எடுப்பதற்கென்று ஒரு பட்டன் உண்டு. அதைப் போட்டால் அந்த வெளிச்சம் சுவரில் விழும். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் அதற்குக் கண்ணாடி மாதிரி. கரி மட்டும் கறுப்பாக நிற்கும். நிறம் தீட்டுவதற்கு முன்னால் கரித்துண்டால் போட்ட கோடு அப்படியே தெரியும். விளக்கு எரிந்தால் படம் வெளுத்துப் போகும். அதற்காகத்தான் அணைத்தேன். வேலை முடிந்ததும் நானே ஏற்றிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பச்சையாகத்தான் இருக்கும், அந்தக் கேமரா அப்படி. அம்மனின் மணிக்கட்டைப் பாருங்கள். சுவரில் வளையல் இருக்கிற இடத்தில் இதில் என்ன இருக்கிறது? கயிறு. முறுக்கு முறுக்காக, இரண்டு கையிலும்.

அவள் தானாக நடந்து போகவில்லை அத்தை. கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். பிறகு யாரோ கயிற்றின் மேல் வளையல் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இது எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அவர் கருமாதியன்று என்னை நடு வாசலில் உட்கார வைத்துக் கடைசித் தடவையாக நாலு சரம் வைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். நான் தலையைத் தூக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை பிடரியில் விழுந்து அழுத்திக் குனிய வைத்தது. யார் கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தரையில் கிடந்த பூவும் நாலைந்து பெண்களின் கால் விரல்களும்தான் தெரிந்தன. உங்கள் குரல் மட்டும் கேட்டது. "அவ சிரிச்சுக்கிட்டுப் போனா. நீ பூவுக்கு அழுவற" என்றீர்கள்.

அவள் சிரித்துக்கொண்டு போனாளா என்று பார்க்கத்தான் வந்தேன்.

தை 7-க்கு முன்னால் படம் எழுதுகிறவரை நிறுத்துங்கள். சுவரை யாரும் சுரண்டக்கூடாது. இல்லையென்றால் இந்தப் படத்தை எல்லாப் பங்காளி வீட்டுக்கும் தபாலில் அனுப்புவேன். முகவரி என்னிடம் இருக்கிறது. என் கல்யாணப் பத்திரிகைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அதே பட்டியல்.

தரணி


கரட்டுத்தோட்டம்.
10.12.2007

தரணிக்கு, நஞ்சம்மாள் எழுதுவது.

உன் படம் வந்தது. முதல் நாள் திறந்து பார்த்துவிட்டுச் சாமி அறையில் வைக்கப் பிடிக்காமல் தவிட்டு மூட்டை மேல் வைத்தேன். அம்மன் பாசி பிடித்த கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மறுநாள் எடுத்தேன். பஞ்சாங்கம் பார்க்கிற லென்ஸை வைத்து, வெயிலில் உட்கார்ந்து எட்டு நாள் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான். மிச்சமெல்லாம் நானாக எழுத்துக்கூட்டிப் படித்தது. அதனால் ஒன்றைப் பார்த்தால் ஓரம் வரைக்கும் பார்ப்பேன்.

நீ ஓரம் பார்க்கவில்லை.

படத்தின் இடது ஓரத்தில் விளக்கு தொங்கும் இரும்புக் கம்பி தெரிகிறது. மழமழவென்ற கம்பி, வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் துடைக்கிறவள் நான். உன் படத்தில் அந்தக் கம்பியும் முறுக்கு முறுக்காக இருக்கிறது. கயிற்றில் இருக்கிற அதே முறுக்கு. சரி, கம்பியைத்தான் யாரோ கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மன் பாதத்துக்குக் கீழே ஒரு பல்லி உட்கார்ந்திருக்கிறது, பார்த்தாயா? அதன் வாலிலும் கயிறு. பல்லியையும் எங்கள் முன்னோர்தான் கட்டி இழுத்துப் போனார்களா?

நீ பங்காளி வீட்டுக்கெல்லாம் அனுப்பச் சிரமப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகக் கூட்டத்தில் நானே எடுத்துக் காட்டினேன். லென்ஸையும் கொடுத்தேன். பல்லி வரைக்கும் எல்லோரும் பார்த்தார்கள். உன் மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளை கம்ப்யூட்டருலயே கயிறு திரிச்சிருக்குதுங்க" என்றார். கூட்டம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் சிரிக்கவில்லை. என் மகன் பெயரைக் கொண்டவள் கோயிலில் வந்து திருட்டுப் படம் எடுத்தாள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதே என்றிருந்தது.

கருமாதியன்று நடந்ததை இதில் இழுக்காதே. நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தாய். மயங்கி விழுந்துவிடாமல் யாராவது தாங்கிப் பிடித்திருப்பார்கள். தாங்கின கையைப் போய்க் குற்றம் சொல்கிறாய்.

பிரிண்டிங் கம்பெனியில் மதுரைப் பக்கத்து ஆள் ஒருவனோடு, ஜெயபாண்டியாம், பைக்கில் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உனக்குக் கயிறு தெரிந்த காரணம் எனக்கு அப்போது விளங்கிவிட்டது. நீ அறுத்துக்கொண்டு போக ஒரு கயிறு வேண்டும். அதை அம்மன் கையில் கட்டிப் பார்க்கிறாய்.

தை 7-ஆம் தேதி வேலை ஆரம்பம். அதில் மாற்றமில்லை.

நஞ்சம்மாள்


நல்லூர்.
27.12.2007

அத்தைக்கு, தரணி எழுதுவது.

நீங்கள் சொன்னது சரி. கயிறு இல்லை.

இந்த இரண்டு வார்த்தை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. வீடியோக் கேமரா ஒரு படத்தை ஒரே தடவையில் எடுப்பதில்லை. முதலில் ஒன்று விட்டு ஒரு வரி, பிறகு விட்டுப்போன வரி என்று இரண்டு பாதியாக எடுக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவே கை கொஞ்சம் ஆடினால் போதும், நேர்க்கோட்டின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். லிங்கசாமி அண்ணனுக்குக் கை ஆடியிருக்கிறது. கம்பியிலும் பல்லி வாலிலும் வளையலிலும் ஒரே சீப்பு. அசையாத படத்திலேயே வேலை பார்த்துப் பழகிய எனக்கு அது தெரியவில்லை. அதைவிட உண்மை, நான் கயிற்றைத் தேடினேன், கயிறு கிடைத்தது.

பாதி வரிகளை எடுத்துவிட்டு, ஆடாத இடமாகப் பொறுக்கி இருபது துண்டுகளை ஒட்டி, முழு அம்மனையும் மறுபடி செய்திருக்கிறேன். சுவரில் இருக்கிற அதே அளவு. ஸ்கிரீனுக்குப் போடுகிற ஃபிலிமிலேயே எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும், கோடு மட்டும் கறுப்பு. உருட்டி அட்டைக் குழாயில் வைத்து அனுப்பியிருக்கிறேன், மடிக்காதீர்கள். நாலு மூலையிலும் கூட்டல் குறி இருக்கிறது. ஒன்று படத்தில் இருக்கும் தூணின் மேல் முனை, ஒன்று சிதையின் கட்டை நுனி, மற்ற இரண்டும் கீழ் வரியின் இரு முனை. சுவரில் அவற்றைப் பொருத்தி வைத்தால் மேலே இருக்கும் நிறமும் அடியில் இருக்கும் கோடும் ஒன்றாகத் தெரியும்.

எதற்கு அனுப்புகிறேன் என்றால், எங்கள் வேலையில் தப்பான ஃபிலிம் ஒன்று ஸ்கிரீன் போடும் இடத்துக்குப் போய்விட்டால், செய்தவளே பின்னால் ஓடிப்போய்ச் சரியானதைக் கொடுக்க வேண்டும். உங்கள் மேல் இருக்கிற மரியாதையால் அனுப்பவில்லை.

மணிக்கட்டைப் பாருங்கள், வளையல்தான். முதலிலேயே வளையல்தான் வரைந்திருக்கிறார். நீங்கள் ஜெயித்தீர்கள். கூட்டத்தில் இதையும் காட்டிச் சிரிக்கலாம். சுவரைச் சுரண்டுவதானால் சுரண்டுங்கள், இனி நான் தடுக்கமாட்டேன், தடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் தானாகப் போனாள் என்பதற்கும் இதில் சாட்சி கிடையாது. ஓவியர் என்ன வரைந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

ஜெயபாண்டி விஷயம் உண்மை. மாசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம். உங்களிடம் மறைக்க நினைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. "அறுத்துக்கொண்டு" என்று எழுதியிருந்தீர்கள். நான் எதையும் அறுக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் வைத்து நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு எல்லாவற்றையும் அறுத்துவிட்டீர்கள்.

தாங்கின கை என்கிறீர்கள். மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை எனக்கு.

தரணி


கரட்டுத்தோட்டம்.
5.1.2008

தரணிக்கு.

குழாய் வந்தது. ஃபிலிம் மடங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. கம்பியிலும் பல்லியிலும் வந்த சீப்புப் பல் மாதிரியோ, துண்டுகளை ஒட்டும்போது ஒரு கோடு இரண்டாகத் தெரிகிற மாதிரியோ, கொண்டைக்குக் கீழே கழுத்துப் பக்கம் ஏதாவது தப்பு வந்திருக்கிறதா? நன்றாகப் பார்த்துவிட்டு எழுது. அவசரப்பட்டு எழுதாதே.

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நஞ்சம்மாள்


நல்லூர்.
10.1.2008

அத்தைக்கு.

பார்த்துவிட்டேன். கழுத்துப் பக்கம் தப்பு இல்லை. அந்த இடம் ஒரே துண்டில் வந்தது, ஒட்டு கிடையாது. டேப்பில் மூன்று வேறு வேறு இடத்தில் அதே கழுத்து இருக்கிறது. மூன்றையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தேன். கோடு கோட்டின் மேல் உட்காருகிறது.

அங்கே நாலு சரம் பூ தொங்குகிறதே, அதன் கோடு என்றுதான் நான் விட்டுவிட்டேன். பூவுக்குப் பூவாக வரையாமல் நாலு வெறும் கோடாக இழுத்திருக்கிறார், பிறகு நிறத்தில் பூ வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் மணிக்கட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கேட்கிறீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

தரணி


கரட்டுத்தோட்டம்.
23.1.2008

தரணிக்கு, நஞ்சம்மாள் எழுதுவது.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மனின் விரல் நுனிக்கு மஞ்சள் தொட்டு வைப்பேன். எலுமிச்சம்பழம் பிடித்த கையில் ஐந்து, தொங்கவிட்ட கையில் ஐந்து. இருபத்தொன்பது வருடப் பழக்கம். உன் ஃபிலிம் வந்த அன்று அதைக் கோயிலுக்கு எடுத்துப் போய், நீ சொன்ன கூட்டல் குறியெல்லாம் பொருத்தி, நாலு பக்கமும் ஒட்டி நிறுத்தினேன். கயிறு இல்லை என்று கண்ணாரப் பார்த்துவிட்டுச் சுருட்டிவிடலாம் என்றுதான் போனேன். பழக்கத்தில் கை தானாக விரல் விரலாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன்.

பதினான்கு வந்தது.

மறுபடி எண்ணினேன். ஃபிலிமைக் கழற்றிவிட்டுச் சுவரை மட்டும் எண்ணினால் பத்து. ஃபிலிமை வைத்தால் பதினான்கு. அந்த நாலும் கழுத்தில் இருக்கிறது, பூச்சரத்துக்கு அடியில். சரத்துக்கு நுனியில் நகம் இருக்குமா? மூன்றாவதில் கணு மடிந்திருக்கிறது. முழங்கை வரைக்கும் கரிக்கோடு இடது பக்கம் போய்த் தூணுக்குப் பின்னால் மறைகிறது. சிதையைப் பார்த்து நிற்கிறவளின் பிடரியில், பின்னாலிருந்து ஒரு கை.

யாரோ வரைந்தான். பிறகு மூடச் சொன்னார்களோ, அவனே பயந்து மூடினானோ. ஒவ்வொரு விரல் மேலும் ஒரு சரம் பூவை வைத்துவிட்டான். மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. நடந்தது என்ன என்று உன் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு அந்த மூன்று வரி எழுதினேன். சீப்பு என்று நீ எழுதிவிடுவாய் என்று எதிர்பார்த்தேன். மார்கழி அமாவாசைக்குச் சரம் கட்ட உட்கார்ந்தேன். மூன்று கட்டினேன். நாலாவதுக்குக் கை ஓடவில்லை. உன் பதில் வந்த பிறகு கட்டினதையும் மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

தை 7-ஆம் தேதி படம் எழுதுகிறவர் வந்தார். பங்காளிகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மற்ற சுவருக்கெல்லாம் பெயின்ட் அடியுங்கள், இதைத் தொடக்கூடாது, தொட்டால் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவேன், விளக்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். உன் மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்புள்ள, அந்தப் புள்ளைகிட்டத் தோத்துட்டயா?" என்றார்.

"தோக்கலைங்க. எண்ணிப் பாத்தேன். நீங்களும் எண்ணிப் பாருங்க" என்று ஃபிலிமைக் கையில் கொடுத்தேன்.

வாங்கிப் பிரித்தார். கழுத்துக்கு மேலே போகாமல் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு யாரும் கேட்டு வாங்கவில்லை. சுவர் அப்படியே இருக்கிறது. கும்பாபிஷேகம் வரைக்கும் இருக்கும். நான் இருக்கும்வரை இருக்கும். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

இதற்காக நீ இங்கே வர வேண்டாம். நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. என்னிடம் பொய் சொன்னாய், கோயிலில் பொய் சொன்னாய். யாரைக் கட்டிக்கொண்டாலும் எனக்குப் பத்திரிகை அனுப்பாதே. மகுடேசு இருந்த ஊட்டுக்குள் அந்தப் பெயர் வரக்கூடாது. ஃபிலிமைத் திருப்பித் தரமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. நகல் எடுக்காமல் எழுதுகிற முதல் கடிதம் இது.

ஃபிலிம் சுவரில் நின்றபோது அந்த நாலு விரல் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. எப்படிப் பிடித்தால் அப்படி வரும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. விழப்போகிற ஆளைத் தாங்கினால் கை அக்குளுக்குப் போகும். பிடரிக்குப் போகாது. நாலு விரல் இந்தப் பக்கம், கட்டைவிரல் அந்தக் காதுக்குப் பின்னால். கருமாதியன்று உன் பின்னால் நின்றவள் நான். உன்னைத் தாங்கினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்கவும் மாட்டாய்.

விளக்கு அணைந்த நாள் எழுதும் நோட்டை எடுத்தேன். 18.11.2007 என்று உன் பெயர் இருக்கிறது. அதை அடிக்கவில்லை, அணைத்தது நீதான். அதற்கு மேல் வரியில் மகுடேசு போன தேதி. இரண்டுக்கும் நடுவே இடம் இல்லை. பொடி எழுத்தில் இடுக்கி, கருமாதித் தேதியைப் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

அன்று விளக்கு நாள் முழுக்க எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் எழுதியிருக்கிறேன்.

நஞ்சம்மாள்